டூர் வேறு, கேம்ப் வேறு: பிள்ளைகளை வெளியே கூட்டிப் போகிறவர்களுக்கு ஓர் ஆரம்பப் பாடம்

டிசம்பர் பிறந்துவிட்டால் கோவை, திருப்பூர், ஈரோட்டுப் பள்ளிகளிலிருந்து ஒரு சுற்றறிக்கை வீட்டுக்கு வரும். ஊட்டி ஒரு நாள், இல்லையென்றால் டாப்சிலிப், தொகை இவ்வளவு, விடிகாலை ஐந்து மணிக்குப் பள்ளி வாசலில் நிற்க வேண்டும். பஸ்ஸில் பாட்டு, கொண்டை ஊசி வளைவில் நாலு பேருக்கு வாந்தி, பார்க்கில் ஒரு குரூப் போட்டோ, ராத்திரி பதினொரு மணிக்குத் தூக்கக் கலக்கத்தோடு வீடு. இது டூர். இதில் குறை சொல்ல ஒன்றுமில்லை, பிள்ளைகளுக்கு அதுவும் வேண்டும். ஆனால் இப்போதெல்லாம் அதே சுற்றறிக்கையில் அட்வென்ச்சர் கேம்ப், நேச்சர் கேம்ப், அவுட்டோர் எஜுகேஷன் என்று பேர் மாற்றிப் போட்டு, தொகையையும் ஏற்றிப் போட்டு அனுப்புகிறார்கள். இது என்ன புதுசாக, டூருக்கும் இதற்கும் என்ன வித்தியாசம் என்று பெற்றோர் கேட்கிறார்கள். "நீங்கதான் இந்த வருசம் கேம்ப் இன்சார்ஜ்" என்று தலைமையாசிரியர் சொல்லிவிட்ட ஆசிரியருக்கும் அதே சந்தேகம்தான், வெளியே கேட்கமாட்டார். இவர்கள் இருவருக்கும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன்.

சுருக்கமாகச் சொன்னால் கேம்ப் என்பதற்கு மூன்று விஷயம் வேண்டும். பிள்ளைகள் ஒரு வேலையைத் தாங்களே செய்ய வேண்டும். அது நல்லபடி முடிந்தாலும் சொதப்பினாலும் அதன் பலன் அவர்களுக்கே வர வேண்டும். அப்புறம் எல்லோரும் வட்டமாக உட்கார்ந்து, என்ன நடந்தது என்று பேச வேண்டும். இந்த மூன்றும் இருந்தால் பள்ளி மைதானத்தில் ஜமக்காளம் விரித்து ஒரு ராத்திரி படுத்தாலும் அது கேம்ப்தான். மூன்றாவது இல்லையென்றால் ஆனைமலை உச்சியில் கூடாரம் அடித்தாலும் அது டூர்தான், கொஞ்சம் முதுகு வலிக்கிற டூர்.

இந்த யோசனை எங்கிருந்து வந்தது என்று இரண்டு வரி. இங்கிலாந்தில் பேடன் பவல் 1907-ல் பிரவுன்சீ தீவில் சுமார் இருபது பையன்களை வைத்து நடத்திய முகாமிலிருந்துதான் சாரணர் இயக்கம் கிளம்பியது, அது பலருக்குத் தெரியும். அவ்வளவாகத் தெரியாத இன்னொரு கதை இருக்கிறது. இரண்டாம் உலகப் போர் நேரம், அட்லாண்டிக் கடலில் கப்பல்கள் மூழ்கடிக்கப்பட்டுக்கொண்டிருந்தன. உயிர்காப்புப் படகில் ஏறிய மாலுமிகளில், நல்ல உடற்கட்டுள்ள இளவட்டங்கள் சீக்கிரம் செத்துப்போவதையும், வயசானவர்கள் தாக்குப்பிடிப்பதையும் லாரன்ஸ் ஹோல்ட் என்ற கப்பல் கம்பெனி முதலாளி கவனித்தார். உடம்பில் தெம்பு இருக்கிறது, நம்மால் முடியும் என்ற பழக்கம்தான் இல்லை என்பது அவருடைய கணக்கு. நாஜிகளை எதிர்த்துவிட்டு ஜெர்மனியிலிருந்து வெளியேறியிருந்த கல்வியாளர் குர்ட் ஹானும் அவரும் சேர்ந்து 1941-ல் வேல்ஸ் கடற்கரையில் ஆபர்டோவி என்ற ஊரில் இளைஞர்களுக்கு ஒரு மாத அளவிலான பயிற்சியை ஆரம்பித்தார்கள். படகு, மலை, மழை, மீட்பு வேலை, எல்லாம் நிஜம். அவுட்வர்ட் பவுண்ட் என்ற அந்தப் பள்ளிதான் இன்றைக்கு உலகம் முழுக்க நடக்கிற அவுட்டோர் கேம்ப்களில் பாதிக்கு மூதாதை. நம் ஊரிலும் இது புத்தம் புதுசு என்று சொல்ல முடியாது. சாரணர், என்.சி.சி. எல்லாம் ரொம்ப நாளாக இருக்கின்றன. 1969-ல் தொடங்கிய என்.எஸ்.எஸ்.ஸில் ஒரு கிராமத்தில் போய் ஏழு நாள் தங்கி வேலை செய்கிற முகாம் இருக்கிறதே, அதைச் சரியாக நடத்தினால் அதுவும் இதே இனம்தான். (சரியாக நடத்தினால் என்பதை அடிக்கோடு போட்டுக்கொள்ளவும்.)

இப்போது உள்ளே இருக்கிற சூட்சுமத்துக்கு வருவோம். டேவிட் கோல்ப் என்ற அமெரிக்கர் 1984-ல் இதை நாலு படியாகப் பிரித்துச் சொன்னார்: செய், திரும்பிப் பார், அதிலிருந்து ஒரு முடிவுக்கு வா, அந்த முடிவை அடுத்த வேலையில் சோதித்துப் பார். கேட்பதற்கு வகுப்பறைச் சமாசாரம் மாதிரி இருக்கும், ஆகவே சமையலில் வைத்துப் பார்க்கலாம். நாற்பது பிள்ளைகள், குழுவுக்கு எட்டுப் பேராக ஐந்து குழு, மத்தியானச் சோறு அவர்களே ஆக்கிச் சாப்பிட வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். கொங்குப் பக்கத்தில் இதற்கு அரிசிம்பருப்பை விட்டால் வேறு நல்ல பதார்த்தம் கிடையாது. ஒரே பாத்திரம், எல்லோர் வீட்டிலும் வாரம் ஒரு தரமாவது செய்வது, எல்லாப் பிள்ளையும் எத்தனையோ தடவை சாப்பிட்டிருக்கும், ஆனால் ஒரு தடவைகூடச் செய்திருக்காது. அரிசி, துவரம்பருப்பு, சின்ன வெங்காயம், பூண்டு, தக்காளி, வரமிளகாய், சீரகம், மஞ்சள்தூள், எண்ணெய், உப்பு எல்லாவற்றையும் கொடுத்து, ஒரு டம்ளர் அரிசிக்குக் கால் டம்ளர் பருப்பு, மூணரை டம்ளர் தண்ணீர் என்று ஒரு தாளில் எழுதியும் கொடுத்துவிட்டு நீங்கள் தள்ளி நின்றுகொள்ள வேண்டும்.

என்ன நடக்கும் என்று முன்கூட்டியே சொல்லிவிடலாம். இரண்டு பேர் வெங்காயம் உரிப்பார்கள், ஒருத்தன் அடுப்பை ஊதிக் கண் கலங்குவான், மீதி ஐந்து பேர் கதை பேசுவார்கள். ஒரு குழுவுக்கு அடிப்பிடிக்கும், ஒரு குழுவுக்குக் கஞ்சியாகிவிடும், ஒரு குழுவுக்கு மட்டும் அமோகமாக வந்து, அவர்கள் பண்ணுகிற அலப்பறை தாங்க முடியாது. அடிப்பிடித்த குழு அடிப்பிடித்ததைத்தான் சாப்பிட வேண்டும். அவசரத்துக்கு வாழைப்பழமும் பிரெட்டும் உங்கள் பையில் இருக்கட்டும், யாரையும் பட்டினி போடச் சொல்லவில்லை. ஆனால் மனசு கேட்காமல் ஹோட்டல் பார்சல் வரவழைத்தீர்கள் என்றால் அன்றைக்குப் பாடம் அங்கேயே முடிந்தது.

சாப்பிட்டுக் கை கழுவியதும் வட்டமாக உட்காருங்கள். கேள்வி மூன்றே மூன்று. என்ன நடந்தது? ஏன் அப்படி ஆச்சு? ராத்திரிச் சமையலுக்கு என்ன மாற்றப் போகிறீர்கள்?

"அடிப்பிடிச்சிருச்சுங்க சார்" என்பான் ஒருவன். ஏன் என்றால், "தீ ஜாஸ்திங்க" என்பான். கொஞ்சம் சும்மா இருந்தீர்கள் என்றால், இதுவரை வாயே திறக்காத ஒரு பிள்ளை சொல்லும்: "தண்ணி யாரு அளந்தாங்கன்னே தெரியலீங்க சார். வேற யாரோ அளந்திருப்பாங்கன்னு எல்லாரும் நெனச்சுட்டோம்." இந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான் இவ்வளவு தூரம் பஸ் பிடித்து வந்தது. ராத்திரி அந்தக் குழு தண்ணீருக்கு ஒரு ஆள், தீக்கு ஒரு ஆள் என்று பிரித்துக்கொள்ளும். நீங்கள் சொல்லித்தர வேண்டியதே இல்லை. தலைமைப் பண்பு, குழு மனப்பான்மை என்று கேம்ப் நோட்டீஸில் போடுகிறார்களே, அது உண்டாகிற இடம் இதுதான், கயிற்றில் தொங்குகிற இடம் இல்லை.

இதில் ஆசிரியருக்கு இருக்கிற கஷ்டமான வேலை வாயை மூடிக்கொண்டிருப்பது. "நான் அப்பவே சொன்னேன்ல" என்று ஒரு வார்த்தை வந்துவிட்டால் பிள்ளைகள் அதோடு பேச்சை நிறுத்திவிடுவார்கள், அப்புறம் வட்டமாக உட்கார்ந்தாலும் சதுரமாக உட்கார்ந்தாலும் ஒன்றுதான். இருபது வருசம் கரும்பலகைக்கு முன்னால் நின்று பழகியவர்களுக்கு இது சுலபத்தில் வராது. அதனால்தான் நல்ல முகாம்களில் வகுப்பாசிரியர் கூடவே இருந்தாலும், பேச வைக்கிற பொறுப்பு வேறொருவரிடம் இருக்கும்.

கயிறு என்றதும் இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். கயிற்றுப் பாலம், பாறை ஏற்றம் மாதிரி பயம் காட்டுகிற விளையாட்டுகளுக்குப் பின்னால் ஒரு எளிய கணக்கு இருக்கிறது. பிள்ளைக்குப் பழகிப்போன எல்லை ஒன்று, அதைத் தாண்டி எட்டிப் பிடிக்கிற எல்லை ஒன்று, அதையும் தாண்டினால் பதறிப்போகிற எல்லை. நடுவில் இருக்கும்போதுதான் கற்றுக்கொள்கிறது. மூன்றாவதுக்குள் தள்ளிவிட்டால் கற்பது நின்று, தப்பித்தால் போதும் என்றாகிவிடும், அதற்கப்புறம் வாழ்நாள் முழுக்கக் கயிற்றைக் கண்டாலே ஆகாது. எந்த எல்லை எங்கே முடிகிறது என்பது பிள்ளைக்குப் பிள்ளை மாறும். ஒருத்திக்கு முப்பது அடி உயரம் சாதாரணம், வீட்டை விட்டு ஒரு ராத்திரி தங்குவதுதான் மலை. ஆகையால் 'வேண்டாம்' என்று சொல்லும் உரிமை பிள்ளைக்கு இருக்க வேண்டும், சொன்னால் யாரும் கேலி செய்யக் கூடாது, நேரம் குறிப்பது, கீழே கயிறு பிடிப்பவருக்கு உதவுவது என்று நிஜமான ஒரு வேலையைக் கொடுத்துக் கூடவே வைத்துக்கொள்ள வேண்டும். "ஆம்பளப் பையன் பயப்படறியா" என்று கேட்கிற பயிற்சியாளர் இருக்கிற கேம்ப்புக்கு நான் பிள்ளையை அனுப்பமாட்டேன்.

சரி, எங்கே போவது? கேம்ப் என்றாலே மலை என்ற எண்ணத்தை முதலில் கழற்றி வைக்கலாம். என்னைக் கேட்டால் ஆரம்பக்காரர்களுக்குக் கொங்கு நாட்டில் மிகச் சிறந்த இடம் காங்கயம், தாராபுரம், மூலனூர் பக்கத்துக் கொறங்காடு. வருசத்துக்கு 600 மில்லிமீட்டர் சுமாருக்குத்தான் மழை பெய்கிற வறண்ட பூமி, அதில் கிளுவை வேலி கட்டி, உள்ளே கொழுக்கட்டைப்புல்லை வளரவிட்டு, அங்கங்கே வெள்வேல மரம் நிற்க, காங்கயம் மாடுகள் மேய்கிற மேய்ச்சல் நிலம். பஸ்ஸில் போகும்போது பார்த்தால் வெறும் காடு. உள்ளே இறங்கி, நாலு மீட்டர் நைலான் கயிற்றை முடிச்சுப் போட்டு, நாலு குச்சி நட்டுச் சதுரமாக்குங்கள். ஒரு சதுர மீட்டர் ஆச்சு. அதற்குள் எத்தனை வகைச் செடி இருக்கிறது என்று எண்ணச் சொல்லுங்கள். பேர் தெரிய வேண்டியதில்லை, இலை வேறு மாதிரி இருந்தால் வேறு கணக்கு. இதையே மரத்தடியில் ஒரு தரம், வெட்டவெளியில் ஒரு தரம், வேலிக்கு வெளியே ரோட்டோரத்தில் ஒரு தரம். மூன்று எண்ணும் மூன்று மாதிரி வரும். ஏன் என்று கேட்டுவிட்டு மறுபடியும் வாயை மூடிக்கொள்ளுங்கள். நிழல், சாணி, உதிர்ந்த இலை, மாட்டின் வாய், நடமாட்டம் என்று ஒவ்வொன்றாக அவர்களே கொண்டுவருவார்கள். வெள்வேலங்காயை மாடு தின்று, விதை சாணியோடு விழுந்து, அங்கே முளைக்கிறது என்பதைக் காட்டுக்கார அப்பாரு ஒரு சாணியைக் குச்சியால் கிண்டிக் காட்டினார் என்றால், விதை பரவல் பாடத்தை அப்புறம் யாரும் மறக்கமாட்டார்கள். ஒரே நிபந்தனை, உரிமையாளரிடம் முன்கூட்டியே கேட்டிருக்க வேண்டும், போகும்போதும் வரும்போதும் வேலி வாசல் படலைச் சாத்த வேண்டும். படலைத் திறந்து போட்டுவிட்டு வந்தவர்களை மறு வருசம் யாரும் உள்ளே விடமாட்டார்கள்.

ராத்திரி அங்கேயே தங்க முடிந்தால் வானம் இலவசம். ஊர் வெளிச்சம் இல்லாத, வடக்குப் பக்கம் தொடுவானம் வரை திறந்திருக்கிற காட்டில், ஜனவரி முன்னிரவில் வடக்கே பார்த்தால் எம் எழுத்து மாதிரி ஐந்து நட்சத்திரம் தெரியும், காசியோப்பியா. அதை வைத்துத் துருவ நட்சத்திரத்தைத் தேடச் சொல்லுங்கள். அது பளிச்சென்று இருக்காது, பலருக்கு ஏமாற்றமாக இருக்கும். கண்டுபிடித்ததும் கையை நேராக நீட்டி முஷ்டியை மடக்கித் தொடுவானத்தின் மேல் வைத்தால், முஷ்டியின் உயரத்துக்குக் கொஞ்சம் மேலே நட்சத்திரம் நிற்கும். நீட்டிய முஷ்டி ஏறக்குறைய 10 பாகை. துருவ நட்சத்திரம் எத்தனை பாகை உயரத்தில் தெரிகிறதோ, அதுதான் நாம் நிற்கிற இடத்தின் அட்சரேகை. கோவை, திருப்பூர், ஈரோடு எல்லாம் 11 பாகையை ஒட்டித்தான் இருக்கின்றன. டெல்லியில் இருக்கிற பிள்ளை இதையே செய்தால் கிட்டத்தட்ட மூன்று முஷ்டி வரும். அட்லஸில் கோடாக மட்டும் பார்த்த சங்கதியைத் தன் கையாலேயே அளந்துவிட்டோம் என்று தெரியும்போது எட்டாவது படிக்கிற பிள்ளை முகம் எப்படி இருக்கும் என்று பாருங்கள். கோடை முகாம் என்றால் பகலில் இன்னொன்று உண்டு: ஏப்ரல் 20-ஐ ஒட்டி, மதியம் 12.20 சுமாருக்கு, நேராக நட்ட குச்சிக்கு நம் ஊரில் நிழலே விழாது. ஆகஸ்ட் 23-ஐ ஒட்டி இன்னொரு தடவை, மேகம் விட்டால்.

குளம் பிடித்தவர்களுக்குத் திருப்பூர் நஞ்சராயன் குளமும் ஈரோட்டுப் பக்கம் வெள்ளோடும் இருக்கின்றன. இரண்டும் பறவைகள் சரணாலயம், இரண்டும் ராம்சார் பட்டியலில், அதாவது உலக அளவில் முக்கியமான நீர்நிலைகளின் பட்டியலில் ஏறியவை. நவம்பரிலிருந்து பிப்ரவரிக்குள், விடிகாலையில் போக வேண்டும். பத்து மணிக்குப் போய்விட்டு ஒன்றும் இல்லை என்று திரும்புகிறவர்கள்தான் அதிகம்.

மலைக்குப் போவதில் சட்டம் குறுக்கே வரும், வரவும் வேண்டும். 2018 மார்ச் 11-ந் தேதி தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேறப் போன குழுக்கள் காட்டுத்தீயில் சிக்கி இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்துபோனார்கள்; ஈரோடு, திருப்பூர்ப் பக்கத்திலிருந்து போனவர்களும் அதில் இருந்தார்கள். அதற்குப் பிறகுதான் காட்டுக்குள் மலையேற்றத்துக்கென்று அரசு தனி விதிகளே கொண்டுவந்தது. 2024 அக்டோபரில் ட்ரெக் தமிழ்நாடு என்ற திட்டத்தில் மாநிலம் முழுக்க 40 பாதைகளைத் திறந்தார்கள், நம் ஆழியாறு, டாப்சிலிப் பக்கத்துப் பாதைகளும் சேர்த்தி. ஆன்லைனில் பதிவு செய்ய வேண்டும், உள்ளூர் வழிகாட்டி கூட வருவார். பிப்ரவரி நடுவிலிருந்து ஏப்ரல் நடு வரை தீப்பருவம் என்று மூடிவைப்பது வழக்கம். ஆக, மார்ச் மாசம் காட்டுக்குள்ளே கூடாரம், கேம்ப்ஃபயர் என்று யாராவது நோட்டீஸ் நீட்டினால் அந்த இடத்திலேயே மடித்துத் திருப்பிக் கொடுத்துவிடலாம். ஜூனிலிருந்து செப்டம்பர் வரை வால்பாறைப் பக்கம் மழையும் அட்டையும். பெரியவர்களுக்கு அது ரசனை, ஆறாம் வகுப்புக்கு வேண்டாம்.

மலையில் என்ன பாடம் இருக்கிறது என்றால், டாப்சிலிப்பையே எடுத்துக்கொள்ளுங்கள். வெள்ளைக்காரன் காலத்தில் தேக்கு மரங்களை வெட்டி மேலேயிருந்து சறுக்கிவிட்ட இடம் அது. அப்படி மொட்டையாகிக்கொண்டிருந்த காட்டில் மறுபடி தேக்கு வளர்த்தவர் ஹூகோ வுட் என்ற வன அதிகாரி. 1933-ல் இறந்தார், தான் வளர்த்த மரங்களுக்கு நடுவிலேயே புதைக்கப்பட்டிருக்கிறார். அந்தக் கல்லறைக்கு முன்னால் நின்று, ஒரே மரமாக நட்டதும் காடும் ஒன்றா என்று ஒரு கேள்வியைப் போட்டால், பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் ஒரு மணி நேரம் சண்டை போடுவார்கள். ஜீப் சவாரி போய் யானை பார்த்துவிட்டு வருவதில் இது கிடைக்காது.

அப்புறம் பாதுகாப்பு. பெற்றோர் எல்லோரும் யானையையும் பாம்பையும்தான் கேட்பார்கள். நான் முதலில் கேட்பது தண்ணீரை. மேட்டுப்பாளையத்தில் பவானி ஆறு கணுக்கால் அளவு ஓடிக்கொண்டிருக்கும், மேலே பில்லூர் அணையில் மின்சாரத்துக்காகத் தண்ணீர் திறந்தால் கொஞ்ச நேரத்தில் ஏறிவிடும். மேலே வானம் வெளுத்துத்தான் கிடக்கும், மழை பெய்தால்தானே வெள்ளம் என்று நினைக்கிறவர்கள் அங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள். ஆறு, அருவி, அணை, குவாரிக் குட்டை எதிலும் பிள்ளைகளை இறக்கமாட்டோம் என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். இரண்டாவது பயம் பஸ். ஆழியாறு வால்பாறை ரோட்டில் 40 கொண்டை ஊசி வளைவு, கொல்லிமலையில் 70. அதில் ராத்திரிப் பயணம் கூடாது, முதல் நாள் ராத்திரியும் வண்டி ஓட்டிய டிரைவர் கூடாது. பாம்பு மூன்றாவதாக வரட்டும்: கடித்தால் கீறக் கூடாது, வாய் வைத்து உறிஞ்சக் கூடாது, இறுக்கிக் கட்டக் கூடாது, அசையவிடாமல் 108-ஐக் கூப்பிட்டு அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். விஷமுறிவு மருந்து இருக்கிற மருத்துவமனை எத்தனை கிலோமீட்டரில் இருக்கிறது என்பது முகாம் நடத்துகிறவருக்கு யோசிக்காமல் தெரிய வேண்டும். தெரியவில்லை என்றால் மற்றதைக் கேட்க வேண்டியதில்லை.

கழிப்பறை இதற்கெல்லாம் சமமான விஷயம். பெண்பிள்ளைகளை ஏன் அனுப்பவில்லை என்று கேட்டால் அம்மாக்கள் வேறு ஏதாவது சொல்வார்கள், உள்ளுக்குள் இருக்கிற காரணம் பெரும்பாலும் இதுதான். தாழ்ப்பாள் போட்ட கழிப்பறை, தண்ணீர், நாப்கின் போட ஒரு மூடியுள்ள கூடை, ராத்திரி கூடப் போக ஒரு டீச்சர். இவ்வளவு இருக்கிறது என்று பெற்றோர் கூட்டத்தில் வெட்கப்படாமல் வாய்விட்டுச் சொன்னால் பேர் கொடுக்கிறவர்கள் எண்ணிக்கை தானாக ஏறும். எட்டு, பத்துப் பிள்ளைக்கு ஒரு பெரியவர் என்பது என் கணக்கு, மலை என்றால் இன்னும் குறைத்து வையுங்கள்.

முதல் கேம்ப்பை எங்கேயும் போகாமல் உங்கள் பள்ளி மைதானத்திலேயே வையுங்கள். ஜனவரி கடைசியில் ஒரு சனிக்கிழமை மூன்று மணிக்கு வரச் சொல்லுங்கள். ஒரு ஜமக்காளம், போர்வை, ஸ்வெட்டர், டார்ச், தட்டு, டம்ளர், தண்ணீர் பாட்டில், தினமும் சாப்பிடுகிற மருந்து இருந்தால் அது, போன் மட்டும் வேண்டாம். சாயங்காலம் பள்ளியைச் சுற்றி நடந்து ஆளாளுக்கு ஒரு மேப் வரைவது, அப்புறம் சமையல், சாப்பாடு, வட்டம், நட்சத்திரம், தூக்கம். ராத்திரி பத்து மணிக்கு யாராவது ஒரு பையன் வயிறு வலிக்கிறது, வீட்டுக்குப் போகணும் என்பான். உடனே அப்பாவுக்குப் போன் போடாமல் பக்கத்தில் உட்கார்ந்து கால் மணி நேரம் ஊர்க்கதை பேசிப் பாருங்கள், அதற்கப்புறமும் வலித்தால் கூப்பிடுங்கள். பெற்றோரைக் காலை ஒன்பது மணிக்கு வரச் சொல்லியிருந்தால் கடைசி வட்டத்தை எட்டு மணிக்கே ஆரம்பித்துவிட வேண்டும். கேட்டில் ஸ்கூட்டர் சத்தம் கேட்ட பிறகு ஒருத்தனும் உட்காரமாட்டான்.